கியர் மாறக்குள்ள உதைக்குதா? கியர் பொக்ஸ் கழட்ட முதல் கண்டதுகளை எழுதுங்க

எழுவான்கரை டீசல் (மட்டக்களப்பு)

கிரான் – புலிபாய்ந்தகல் பாதையில மாரி வெள்ளத்துக்குள்ளால வந்த மொண்டெரோ, ஓட்டோ கியர். தண்ணி வடிஞ்சு கொஞ்ச நாளில ரெண்டிலிருந்து மூண்டுக்குப் போகக்குள்ள உதைப்பு. 60–70 வேகத்தில லொக்-அப் (இஞ்சினையும் பொக்ஸையும் நேராப் பூட்டுற கிளச்) பிடிக்கிற நேரம் வண்டி முழுக்க நடுக்கம். சோலனொய்ட் (கியர் ஒயில் வழியைத் திறந்து மூடுற மின் வால்வ்) போயிட்டுது, அது இருக்கிற வால்வ் பொடி மாத்தணும் எண்டு ஒரு கராஜில விலையும் சொல்லியாச்சு. டிப் ஸ்டிக்கை மட்டும் ஒருத்தரும் இழுத்துப் பார்க்கல்ல. இழுத்து வெள்ளைத் துணியில துடைச்சா சிவப்பு ஒயில் இல்ல, பலூடா நிறம். அந்தத் துணிதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

தண்ணி போன வழி பிரீதர் குழாய், பொக்ஸ் மூச்சு விடுற குழாய். ஓடிச் சூடான பொக்ஸ் குளிர் தண்ணிக்குள்ள இறங்கினா உள்ளுக்க காத்து சுருங்கும், அந்த இழுப்பில தண்ணி ஏறும். கிளச் தட்டில ஒட்டியிருக்கிறது கடதாசி வகை. அது தண்ணியைக் குடிச்சுப் பசை விட்டா உரிஞ்சு போய் பில்டரை அடைக்கும். நிறம் மாறினதைக் கண்டா ஓட்டாதீங்க. ட்ரெயின் நட்டைக் கழட்டினா மொத்த ஒயிலில பாதிகூட வராது, மிச்சம் பெரும்பாலும் டோர்க் கன்வேட்டருக்குள்ள (இஞ்சின் சுழற்சியை ஒயிலால பொக்ஸுக்குக் கடத்துற பாகம்). வடிச்சு, சம்ப் (ஒயில் நிக்கிற அடித் தட்டு) இறக்கி, பில்டர் மாத்தி, மொண்டெரோவுக்குரிய எஸ்பி-3 கியர் ஒயில் விட்டு, பிரேக்கை மிதிச்சபடி எல்லா கியரும் போட்டு எடுத்து, திரும்ப வடிக்கணும். நிறம் தெளியிற வரைக்கும் இதே வேலை. சம்ப் காந்தத்தில சாம்பல் பசை இருந்தா வழமை. இரும்புத் துண்டு இருந்தா பொக்ஸ் திறக்கத்தான் வேணும்.

காத்தான்குடி வீல்

அண்ணன், பலூடா நிறம் எண்டா வெள்ளம்தான் எண்டு எப்படி முடிவெடுத்தீங்க? ரேடியேட்டரைப் பார்த்ததா எழுதவே இல்லையே. இதே நிறத்தோட வந்த ஒரு வண்டி வெள்ளத்தைக் கண்டதே இல்ல. ரேடியேட்டர் அடித் தாங்கிக்குள்ள கியர் ஒயில் கூலர் இருக்கு, அது உள்ளுக்க வெடிச்சா கூலண்ட் ஒயிலோட கலக்கும். இஞ்சின் ஆறின பிறகு மூடியைத் திறந்து பாருங்க: கூலண்ட் மட்டம் காரணமில்லாம குறைஞ்சிருக்கும், மேலால எண்ணெய்ப் படை நிக்கும். அந்த வண்டிக்கு ரேடியேட்டரை மாத்தாம ரெண்டு தரம் ஒயில் மாத்தியிருக்காங்க. ஊத்தின லீற்றர் எல்லாம் வீண்.

வெள்ளத்தில இறங்கின வண்டிண்டா கியர் பொக்ஸோட நிக்காதீங்க. டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் சில்லுக்குச் சக்தியைப் பிரிக்கிற பெட்டி), முன் டிப், பின் டிப் (டிபரன்ஷியல்) மூண்டுக்கும் தனித்தனி பிரீதர். மூண்டையும் வடிச்சுப் பாருங்க. மேல் நட்டு, ஒயில் விடுறது, அதை முதல் கழட்டுங்க. அது இறுகிக் கிடக்க, கீழ் நட்டால ஒயிலை விட்டுட்டா வண்டியை அசைக்க ஏலாது.

அக்கரைப்பற்று ஸ்பானர்

நீங்க ரெண்டு பேரும் சொல்லுறது ஸ்டெப் கியர் (ஒண்டு, ரெண்டு எண்டு படிப்படியா மாறுறது) உள்ள வண்டிக்கு. சிவிடி (படியில்லாம மாறுற கியர்) உள்ள நிசான் எக்ஸ்-ட்ரெயில் வச்சிருக்கிறவங்க எஸ்பி-3 எண்டு வாசிச்சுட்டு ஊத்திராதீங்க.

டி31 மொடல் எக்ஸ்-ட்ரெயில் ஒண்டு, மெதுவா எடுக்கக்குள்ள விக்கி விக்கிப் போகுது. டிப் ஸ்டிக்கில சிவப்பு ஏடிஎப், சாதாரண ஓட்டோ கியர் ஒயில். சிவிடிக்குள்ள இரும்புப் பெல்ட் புலியோட (பெல்ட் ஓடுற சக்கரம்) வழுக்காமப் பிடிக்கிறதே அதுக்குரிய ஒயிலாலதான். டி31க்கு என்எஸ்-2 ஒயில், அடுத்த மொடல் டி32க்கு என்எஸ்-3. சிவப்பு ஒயிலோட ஓடினா பெல்ட் வழுக்கும், புலி முகத்தில கீறல் விழும். கீறல் விழுந்த புலிக்கு எந்த ஒயிலும் மருந்தில்ல. டி31இல சம்ப் பில்டரோட, கூலருக்குக் கீழ சின்னக் கடதாசி பில்டர் ஒண்டும் இருக்கு, கன பேர் அதைத் தொடுறதே இல்ல. அளவு பார்க்கிறது 50–80 பாகைச் சூட்டில, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க. டிப் ஸ்டிக் கொளுக்கியை அமத்தித்தான் இழுக்கணும். முடிஞ்சதும் ஸ்கேனரால ஒயில் பழுதுக் கணக்கைப் பூச்சியமாக்குங்க. வால்வ் பொடி மாத்தினா அதோட வாற அளவீட்டுத் தரவையும் கம்பியூட்டருக்கு ஏத்தணும், ஏத்தாட்டி புதுப் பொடியும் உதைக்கும்.

கல்முனை 4வீல்

ஒயில் ஒயில் எண்டே போறீங்க. பிராடோ ஒண்டுக்கு வேற கதை. நிப்பாட்டுற கடைசி நொடியில பின்னால ஆரோ இடிச்ச மாதிரி ஒரு குத்து, எடுக்கக்குள்ள இன்னொண்டு. கியர் பொக்ஸ் ரிப்பெயர் எண்டு முடிவே பண்ணிட்டாங்க. அடியில படுத்துப் பார்த்தா புரொப்பெலர் ஷாப்டில (சில்லுப் பக்கம் சுழற்சியைக் கொண்டு போற தண்டு) வழுக்குற யோக்கோட (நீண்டு சுருங்குற மூட்டு) கிறீஸ் நிப்பிள் தெரியவே இல்ல. அறுகம்பைப் பக்கத்து மணலும் சேறும் இறுகிக் கிடந்தது. குத்தித் துடைச்சு, லித்தியம் 2ஆம் நம்பர் கிறீஸ் அடிச்சாச்சு, சத்தம் போயிட்டுது.

யோக்குக்கு அளவா அடிங்க. ஷாப்ட் கொஞ்சம் அசையத் தொடங்கினதும் கையை எடுங்க. நிரம்ப அடிச்சா ஸ்ப்ளைனுக்கு (யோக்குக்குள்ள வழுக்குற பல்லு) ஓட இடமில்லாம ஷாப்ட் பொக்ஸையே தள்ளும். யுனிவர்சல் ஜொயின்ட் (ஷாப்ட் மடங்குற மூட்டு) அப்படியில்ல, நாலு மூடியாலயும் பழைய கிறீஸ் வெளியேறும் வரை அடிக்கணும்.

நிண்ட இடத்தில ரிவர்ஸிலிருந்து (R) ட்ரைவுக்கு (D) போடக்குள்ள மட்டும் உதைச்சா இஞ்சின் மவுண்டைச் (இஞ்சினைத் தாங்குற ரப்பர்) சந்தேகிங்க. பொனட்டைத் திறந்து, ஒருத்தர் பக்கத்தில (முன்னால நிக்கப்படாது) பார்க்க, மற்றவர் பிரேக்கை நல்லா மிதிச்சு கியரை மாத்தணும். இஞ்சின் துள்ளி எழும்பினா மவுண்ட் வெடிச்சிருக்கு. ஐட்லிங் வேகம் நிமிசத்துக்கு 1000 சுத்துக்கு மேல நிண்டாலும் இதே உதைப்பு வரும். அதுக்குத் துரொட்டில் பொடியைக் (இஞ்சினுக்குக் காத்து விடுற வால்வ்) கழுவுங்க.

எழுவான்கரை டீசல்

காத்தான்குடித் தம்பி, கேள்வி சரி. கூலண்ட் பச்சை நிறம், மட்டம் சரி, எண்ணெய்ப் படை இல்ல. பின் டிப் ஒயிலும் பால் மாதிரி வந்தது. ரேடியேட்டர் வெடிச்சா டிப்புக்குள்ள தண்ணி போக வழியில்ல, அதாலதான் வெள்ளம் எண்டு எழுதினன். பிரீதர் நுனியில ரப்பர் குழாய் மாட்டி இஞ்சின் அறைக்குள்ள உயரமாக் கட்டியாச்சு. நுனி கீழ பார்த்து இருக்கணும், இல்லாட்டி மழைத் தண்ணி அதுக்குள்ளால இறங்கும்.