லெக்சஸ் இஎஸ் 300எச்: முன்பக்கம் 'தொம்' சத்தம், கேம்ரி அப்சார்பர் போட்டதாலா? அவசரம்

உட்லண்ட்ஸ்காரன் | ஞாயிறு இரவு 11.10

வணக்கம். வண்டி இஎஸ் 300எச். முன் அப்சார்பர் ரெண்டும் போன வாரம் மாத்தினேன். டொயோட்டா கேம்ரியும் இஎஸ்ஸும் ஒரே பிளாட்ஃபார்ம் (அடிக்கட்டமைப்பு), சாமான் ஒன்னுதான், விலை குறையும்னு சொல்லி பட்டறையில கேம்ரி அப்சார்பர் போட்டுட்டாங்க. இப்போ ஹம்ப் (வேகத்தடை) ஏறி இறங்குனா முன்னாடி தொம்முன்னு சத்தம். கேம்ரி சாமான் போட்டதாலதானா? கழட்டிட்டு இஎஸ் சாமானே போடச் சொல்லவா? சனிக்கிழமை குடும்பத்தோட மலாக்கா போகணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்பானர்17 | ஞாயிறு இரவு 11.34

எந்த வருஷ வண்டி, அதை முதல்ல சொல்லுங்க. இஎஸ் 300எச்ன்னு ரெண்டு தலைமுறை ஓடுது. சேசிஸ் எண் ஏவிவி60-ன்னு தொடங்கினா பழையது, ஏஎக்ஸ்இசட்எச்10-ன்னு தொடங்கினா புதுசு. 2018-ல பதிஞ்ச வண்டின்னா ரெண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். ஒன்மோட்டரிங் (சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணைய இணையத்தளம்) போய் வாகனப் பதிவு விவரத்துல பாருங்க, சேசிஸ் எண் அங்கேயே இருக்கும்.

இன்னும் சில கேள்வி. எஃப் ஸ்போர்ட் வகையா? சத்தம் இடதா வலதா? ரெண்டு சக்கரமும் ஒன்னா ஹம்ப் ஏறும்போதா, ஒரு சக்கரம் மட்டும் குழியில இறங்கும்போதா? நின்ன இடத்துல ஸ்டியரிங்கை முழுசா திருப்பினா ஏதாவது கேக்குதா? பில்லுல அப்சார்பர் மட்டும் இருக்கா, மேல் மவுண்ட்டும் (அப்சார்பரை மேல பாடியோட பிடிக்கிற ரப்பர் தாங்கி) இருக்கா?

பிடோக்_மெக் | திங்கள் காலை 7.02

அப்சார்பரை விடுங்க. இது லோயர் ஆர்ம்ல (சக்கரத்தைக் கீழ பிடிக்கிற கை) பின்பக்கம் இருக்கிற ரப்பர் புஷ். நம்ம ஊர் வெயிலுக்கும் பலமாடி கார்பார்க் ஹம்ப்புக்கும் அந்த ரப்பர் வெடிச்சுடும். வண்டியைத் தூக்கி, பிரை பார் (நெம்புகோல்) வெச்சு நெம்பிப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரியும். சக்கரம் தொங்கற நிலையில புஷ் போல்ட்டை முறுக்கியிருந்தா இன்னும் சீக்கிரம் கிழியும். வண்டி தரையில நிக்கிற உயரத்துலதான் கடைசி முறுக்கு கொடுக்கணும்.

ஸ்பானர்17 | திங்கள் காலை 7.20

புஷ் பத்தி சொன்னது சரி. ஆனா ஸ்ட்ரட் (அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேந்த தொகுப்பு) மாத்த லோயர் ஆர்ம் போல்ட்டைத் தொட வேண்டியதில்லை. நக்கிள் (சக்கரத்தைத் தாங்கற பாகம்) போல்ட் ரெண்டு, ஸ்டெபிலைசர் லிங்க் (ஸ்ட்ரட்டை ஸ்டெபிலைசர் பாரோட இணைக்கிற கம்பி), பிரேக் ஹோஸ் பிடிப்பு, ஏபிஎஸ் சென்சர் ஒயர் பிடிப்பு, மேல நட். வேலை அவ்வளவுதான். சத்தம் வேலைக்கு அப்புறம் வந்திருக்கு. அப்போ வேலை நடந்த இடத்துலதான் முதல்ல தேடணும்.

பழைய_வின்டம் | திங்கள் காலை 9.48

அடிப்படை தெரியாமல் சாமான் மாற்றினால் இப்படித்தான் ஆகும். தம்பி, பட்டறைக்குப் போகும் முன் கொஞ்சம் படித்திருக்கலாம். இங்கே எத்தனை முறை எழுதியாகிவிட்டது!

மறுபடியும் சொல்கிறேன். முதல் இஎஸ் 250 வந்தது 1989-ல், அன்றைய கேம்ரியை வைத்து. 1991-ல் வந்த இஎஸ் 300-க்கு ஜப்பானில் பெயர் வின்டம். ஆனால் 2012-க்குப் பிறகு இஎஸ் கேம்ரியோடு அல்ல, டொயோட்டாவின் பெரிய செடானான அவலோனோடு போகிறது. 2012 தலைமுறை இஎஸ்ஸின் வீல்பேஸ் 2,820 மில்லிமீட்டர், அதே காலத்துக் கேம்ரிக்கு 2,775. 2018 தலைமுறையில் இஎஸ் 2,870, கேம்ரி 2,825. இரண்டு தலைமுறையிலும் வித்தியாசம் சரியாக 45 மில்லிமீட்டர். ஆகவே 'இரண்டும் ஒரே வண்டி' என்று பட்டறைக்காரர் சொன்னதே தவறு.

ஈசூன்_செல்வி | திங்கள் காலை 10.15

ஐயா, வீல்பேஸ் கணக்கு சரி. ஆனா அந்த 45 மில்லிமீட்டரும் பின் கதவு, பின் இருக்கை பக்கம் போகுது. முன் ஸ்ட்ரட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஜிஏ-கே-ங்கிற இப்போதைய பிளாட்ஃபார்ம் கேம்ரி, இஎஸ், அவலோன் மூணுக்கும் பொது. ஆர்ஏவி4, 2020 ஹாரியர், இப்போதைய என்எக்ஸ், ஆர்எக்ஸ் எல்லாம்கூட அதுலதான் நிக்குது. ஒரே பிளாட்ஃபார்ம்னு பாத்தா ஹாரியர் அப்சார்பரையும் இஎஸ்ல மாட்டணும். யாரும் மாட்ட மாட்டாங்க.

பொதுவா இருக்கிறது முன் கட்டமைப்பு, எஞ்சின் உக்காரும் இடம், சஸ்பென்ஷன் மாட்டும் புள்ளிகள். ஸ்பிரிங்கோட கடினம், அப்சார்பர் உள்ள இருக்கிற வால்வு, ரப்பரோட கடினம் வண்டிக்கு வண்டி வேற.

உட்லண்ட்ஸ்காரன் | திங்கள் மதியம் 1.05

2019 மார்ச் பதிவு. எஃப் ஸ்போர்ட் இல்லை. இடது பக்கம்னு நினைக்கிறேன். பில்லுல 'முன் அப்சார்பர் 2, கூலி' அவ்வளவுதான் இருக்கு. வேலையில இருக்கேன், ராத்திரி பாக்குறேன்.

ஸ்பானர்17 | திங்கள் மதியம் 1.40

நல்லது, அப்போ ஏஎக்ஸ்இசட்எச்10. எஃப் ஸ்போர்ட் இல்லாததும் நல்லதாப் போச்சு. அதுல ஏவிஎஸ் (மின்னணு முறையில கடினம் மாறுற) அப்சார்பர், தலையில மின் இணைப்பு இருக்கும். சாதாரண அப்சார்பர் போட்டா மீட்டர்ல எச்சரிக்கை வந்துடும்.

பில்லுல மவுண்ட் இல்லைங்கிறதுதான் முக்கியமான தகவல். பழைய மேல் மவுண்ட், பழைய பேரிங்கை அப்படியே புது அப்சார்பர்ல ஏத்தியிருக்காங்க. நாலு இடத்தைப் பாருங்க.

ஒன்னு, பிஸ்டன் ராடு தலையில இருக்கிற நடு நட். ஸ்ட்ரட்டோட முழு அசைவையும் அதுதான் தாங்குது. இம்பாக்ட் கன் வெச்சு அடிச்சா ராடும் சேந்து சுத்தும். இறுகின மாதிரி தெரியும், இறுகியிருக்காது. பழைய நட்டைத் திரும்பப் போடக் கூடாது, புதுசு போட்டு டார்க் ரெஞ்ச்சால சர்வீஸ் மேனுவல் அளவுக்கு முறுக்கணும். இது லூசா இருந்தா ஹம்ப் இறங்கும்போது ராடு மேல போய் இடிச்சு, கீழ வந்து இழுக்கும். நீங்க சொல்ற தொம் அதுவா இருக்க வாய்ப்பு அதிகம்.

ரெண்டு, ஸ்பிரிங்கோட கீழ் நுனி. அப்சார்பர் தட்டுல ஒரு படி இருக்கும், நுனி அதுக்குள்ள ஒட்டி உக்காந்திருக்கணும். படி மேல ஏறி நின்னா சில நாள்ல 'டங்'குன்னு நழுவி உக்காரும், மறுபடியும் நழுவும்.

மூணு, பம்ப் ஸ்டாப்பும் (ராடுல இருக்கிற இடிதாங்கி) தூசி உறையும். பழசுல இருந்து கழட்டி புதுசுல ஏத்த மறந்துட்டா, ஹம்ப்புல முழுசா அமுங்கும்போது உலோகத்தோட உலோகம் இடிக்கும். சக்கர வளைவுக்குள்ள டார்ச் அடிச்சாலே கறுப்பு உறை இருக்கா இல்லையான்னு தெரியும்.

நாலு, ஸ்டெபிலைசர் லிங்க். நட் 17 மில்லிமீட்டர், நடுவுல 6 மில்லிமீட்டர் ஆலன் சாவி போட்டுப் பிடிச்சுக்கிட்டு முறுக்கணும். பிடிக்காம முறுக்கினா பந்து மூட்டு சுத்தி ரப்பர் உறை முறுக்கிக் கிழியும். ஆனா ஒன்னு கவனிங்க. ரெண்டு சக்கரமும் சமமா ஹம்ப் ஏறினா ஸ்டெபிலைசர் பார் முறுக்காது, லிங்க்குக்கு வேலையே கம்மி. ஒரு சக்கரம் மட்டும் குழியில இறங்கும்போதுதான் லிங்க் கத்தும். அதனாலதான் எப்போ சத்தம்னு கேட்டேன்.

வீட்டுலயே ஒரு சோதனை செய்யலாம். வண்டி தரையில, ஹேண்ட்பிரேக் போட்டு, மீட்டர்ல 'ரெடி' விளக்கு வந்த நிலையில ஒருத்தர் ஸ்டியரிங்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிவரைக்கும் மெதுவா திருப்பணும். இன்னொருத்தர் ஸ்பிரிங்கோட வெளிப்பக்கத்துல உள்ளங்கையை லேசா வெச்சுப் பாக்கணும். சுருளுக்கு இடையில விரலை விடக் கூடாது. கையில துள்ளல் தெரிஞ்சா மேல் பேரிங் அல்லது ஸ்பிரிங் உக்காந்த இடம். ஹைபிரிட்டுங்கிறதால எஞ்சின் திடீர்னு தானா ஓட ஆரம்பிக்கும், பதறிட வேண்டாம்.

சின்மிங்_கை | திங்கள் மதியம் 2.22

ஐந்தாவதா ஒன்று சேர்க்கிறேன். இந்த வண்டியில் ஸ்ட்ரட் தலையைத் தொட வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் அதன் அடியில் இருக்கும் தகட்டையும் எடுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது இரண்டு போல்ட்டை விட்டுவிட்டால் அந்தத் தகடு ஹம்ப்பில் அதிரும், கேட்க ஸ்ட்ரட் சத்தம் மாதிரியே இருக்கும். பானட்டைத் திறந்து மூடியின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஆடக் கூடாது. வைப்பர் பழைய இடத்தில் வந்து நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரட் கழற்றியதால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். நக்கிள் போல்ட் துளையில் இருக்கும் சிறு இடைவெளியே கேம்பரை (சக்கரத்தின் சாய்வை) மாற்றிவிடும்.

உபி_டயர் | திங்கள் மாலை 6.30

காத்தழுத்தம் பாத்தீங்களா? 235/45ஆர்18 டயர்ல காத்து ஏறிப்போச்சுன்னா எந்த ஹம்ப்பும் தொம்முன்னுதான் கேக்கும். கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற அளவு, காலையில டயர் குளிர்ந்திருக்கும்போது. வீல் நட் 103 நியூட்டன் மீட்டர். அதையும் ஒரு தடவை பாத்துடுங்க, சக்கரத்தைக் கழட்டித்தானே வேலை செஞ்சாங்க.

ஒரு உபயோகமான செய்தி. கேம்ரி ரிம் இஎஸ்ஸுக்கு அப்படியே ஏறும். 5 நட், 114.3 இடைவெளி, நடுத் துளை 60.1 ரெண்டுக்கும் ஒன்னு.

ஜூரோங்_வேகம் | திங்கள் இரவு 8.11

அதான் நானும் சொல்றேன். ரிம் ஒன்னு, எஞ்சின் ஒன்னு, கியர் ஒன்னு. இஎஸ்ங்கிறது தோல் இருக்கை போட்ட கேம்ரி. ரோடு டாக்ஸ்கூட ஒன்னு, 2,487 சிசிக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,780 வெள்ளி. எதுக்கு அவ்வளவு கூட கொடுத்து வாங்கணும்?

பழைய_வின்டம் | திங்கள் இரவு 8.40

ஓட்டிப் பார்க்காதவர்கள் சொல்லும் பேச்சு. 2018 இஎஸ்ஸின் அப்சார்பரில் முதன்மை வால்வுக்குப் பக்கத்தில் துணை வால்வு ஒன்று உண்டு. பிஸ்டன் மிக மெதுவாக நகரும்போதே அது எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிடும். விரைவுச்சாலை இணைப்புகளில் வண்டி மிதக்காமல் போவது அதனால். இவர் கழற்றிப் போட்டிருப்பது அந்த அப்சார்பரைத்தான். லெக்சஸின் மதிப்பையே எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

ஈசூன்_செல்வி | திங்கள் இரவு 9.05

வால்வு விஷயத்துல ஐயா சொல்றது சரி. விலை விஷயத்துல வேகம் தம்பி முழுக் கணக்கையும் பாக்கணும். 2019 பதிவுக்கு ஏஆர்எஃப் (கூடுதல் பதிவுக் கட்டணம்), ஓஎம்வி-ல (வண்டியோட இறக்குமதி மதிப்பு) முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 30,000-க்கு 140, அதுக்கு மேல 180. ஒரு கணக்குக்கு கேம்ரி ஓஎம்வி 25,000, இஎஸ் 40,000-ன்னு வெச்சுக்குங்க. ஏஆர்எஃப் 27,000, 48,000. பத்தாவது வருஷத்துல டிரெஜிஸ்டர் (பதிவு ரத்து) பண்ணினா ஏஆர்எஃப்ல பாதி திரும்ப வரும், 13,500 ஒரு பக்கம், 24,000 ஒரு பக்கம். அந்த வருஷப் பதிவுக்கு உச்சவரம்பும் கிடையாது. 2023 பிப்ரவரி இரண்டாம் சிஓஇ (வண்டி வெச்சுக்கிறதுக்கான உரிமைச் சான்று) ஏலத்திலிருந்துதான் 60,000 வெள்ளி வரம்பு வந்துச்சு. வாங்கும் விலையை மட்டும் ஒப்பிட்டா தப்பான முடிவுதான் வரும். ஆனா சிஓஇ-யைப் புதுப்பிச்சா இந்தப் பணம் கிடைக்காது, அதையும் சேத்துச் சொல்லணும்.

ஜூரோங்_வேகம் | திங்கள் இரவு 9.17

சரி அக்கா, பணக் கணக்கை ஒத்துக்கிறேன். இடக் கணக்கையும் பாருங்க. வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம்) கார்பார்க் கட்டம் 4.8 மீட்டர் நீளம். கேம்ரி 4.885, இஎஸ் 4.975. ரெண்டுமே வெளிய நீட்டும், இஎஸ் இன்னும் ஒன்பது சென்டிமீட்டர் கூட நீட்டும். பலமாடியில பக்கத்துல தூண் இருந்தா அந்த ஒன்பது பெருசு.

சின்மிங்_கை | திங்கள் இரவு 9.50

கேட்டவர் கேள்விக்கு வருவோம். எது கலக்கலாம், எது கலக்கக் கூடாது என்று பாக எண்ணே சொல்லும். முதல் ஐந்து இலக்கம் என்ன பாகம்: 48510 வலது முன் அப்சார்பர், 48520 இடது, 48530 பின், 48609 முன் மேல் மவுண்ட், 48820 லிங்க். அடுத்த ஐந்து இலக்கம் எந்த வண்டி, எந்த வகை. பத்து இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே பாகம். எண்ணெய் வடிகட்டி போன்றவற்றில் பத்தும் ஒத்துப்போகும், தயங்காமல் போடலாம். அப்சார்பரிலும் ஸ்பிரிங்கிலும் முதல் ஐந்து மட்டும் ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு போல்ட் ஏறுகிறதே என்று மாட்டுவார்கள். போல்ட் ஏறும். மாட்டும் புள்ளி பொது என்பதால் ஏறத்தான் செய்யும்.

இப்போது உங்கள் வண்டியில் முன்னால் கேம்ரி அப்சார்பர் மேல் இஎஸ் ஸ்பிரிங், பின்னால் இஎஸ் அப்சார்பர். மலாக்கா போய் வருவதற்கு அது மட்டும் பெரும்பாலும் தடையாகாது. ஆனால் லூசான நடு நட்டோடு போகக் கூடாது. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: சத்தம் வேலைக் குறை, வண்டி மிதந்தால் அது சாமான் குறை. முதலாவது சனிக்கு முன் தீர வேண்டும், இரண்டாவது வந்த பிறகு பார்க்கலாம்.

பிடோக்_மெக் | செவ்வாய் காலை 7.15

தூக்கும்போது புஷ்ஷையும் பாத்துடச் சொல்லுங்க. கூலி ஒன்னுதானே.

உட்லண்ட்ஸ்காரன் | வியாழன் இரவு 10.02

வேற பட்டறையில காட்டினேன். இடது நடு நட் லூசு, கையாலயே சுத்துச்சு. மேல் மவுண்ட் பழசு, ரப்பர் பிளந்திருந்துச்சு. ரெண்டு பக்கமும் புது மவுண்ட், புது நட். சத்தம் போச்சு. எல்லாருக்கும் நன்றி.

ஸ்பானர்17 | வியாழன் இரவு 10.20

சந்தோஷம். மவுண்ட் வாங்கின எண் 48609-க்கு அப்புறம் என்ன? அலைன்மென்ட் செஞ்சாங்களா? ஸ்டியரிங் நேரா நிக்குதா? லேன் உதவி போட்டு நேர் சாலையில போகும்போது ஒரு பக்கம் இழுத்தா ஸ்டியரிங் கோண சென்சரோட சுழியத்தை மறுபடி பதியணும், ஸ்கேனர் இருக்கிற பட்டறையில பத்து நிமிஷ வேலை. இன்னொன்னு, கழட்டின இஎஸ் அப்சார்பரைத் தூக்கிப் போட்டுட்டாங்களா? இருந்தா அதுல ஒட்டியிருக்கிற எண்ணை ஒரு படம் எடுத்து வெச்சுக்குங்க, சரியான சாமான் தேட அது போதும்.

பிடோக்_மெக் | வெள்ளி காலை 7.08

புஷ் பாத்தாங்களா?