ஃபெடரேஷன் சதுக்கத்தில் அந்தக் கடை வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

தார்னீட் கணக்கர்

போன வாரம் ஒரு விருந்தில் தொடங்கிய பேச்சு, சாப்பாடு வந்ததும் பாதியில் நின்றுவிட்டது. அதை இந்த இணைய இழையில் தொடர்கிறேன். மெல்போர்னுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, விக்டோரியா அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நகரத்து நடுவில் ஊர் கூடுகிற பொதுவெளியான ஃபெடரேஷன் சதுக்கத்தில், யாரா ஆற்றுப் பக்கம் இருக்கும் யாரா கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே ஆப்பிள் நிறுவனத்தின் பெரிய கடை வரும் என்றார்கள். ஊரே எதிர்த்தது. ஆட்சேபக் கடிதங்கள் மட்டும் மூவாயிரத்தைத் தாண்டின. 2019 ஏப்ரலில், பாரம்பரிய இடங்களைக் காக்கும் மாநில அரசு அமைப்பான ஹெரிடேஜ் விக்டோரியா இடிக்க அனுமதி மறுத்தது, ஆப்பிள் விலகிக்கொண்டது.

எல்லோரும் அதை வெற்றி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சதுக்கத்தைக் கட்டி முடிக்க சுமார் 46 கோடி டாலர் ஆனது. முதலில் போட்ட மதிப்பீட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ரயில் தண்டவாளங்களுக்கு மேல் தளம் போட்டு எழுப்பிய இடம், பராமரிப்புக்கு வருஷா வருஷம் காசு வேண்டும். அப்போது அதை நடத்திய நிறுவனம் வாடகை, கார் நிறுத்தக் கட்டணம், நிகழ்ச்சிக் கட்டணம் என்று தன் செலவைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நாம் அங்கே தீபாவளி விழாவை இலவசமாகப் பார்க்கிறோம். பெரிய திரையில் டென்னிஸும் கால்பந்தும் இலவசம். அந்த இலவசத்துக்கு யாரோ ஒருவர் பணம் கட்டுகிறார். ஒழுங்காக வாடகை தரக்கூடியவர் வாசலுக்கு வந்தபோது திருப்பி அனுப்பிவிட்டோம். ஏற்கெனவே அங்கே பீரும் காபியும் விற்கிறார்கள். போன் விற்றால் மட்டும் என்ன தப்பு?

முற்றவெளி

தம்பி, கோப்பிக்கடையும் இதுவும் ஒன்றில்லை. கோப்பிக்கடை சதுக்கத்தின் ஓரத்தில் ஒதுங்கி இருக்கிறது. இவர்கள் கேட்டது, ஒரு கட்டடத்தையே இடித்து, தனியாக நிமிர்ந்து நிற்கிற தங்கள் கடையை. கொஞ்சக் காலத்தில் அதன் முன்னால் இருக்கிற வெளி, கடையின் வாசல் என்று ஆகிவிடும். வாசலில் யார் இருக்கலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று தீர்மானிக்கிறவர் வீட்டுக்காரர்தானே.

நான் 1990களின் தொடக்கத்தில் மெல்பேணுக்கு வந்தவன். அந்த மூலையில் அப்போது காஸ் அண்ட் ஃபியூவல் என்று இரண்டு பெரிய அலுவலகக் கோபுரங்கள் நின்றன. ஃபிளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்தில் ஓர் ஆறு ஓடுகிறது என்பதே தெரியாது. 1997இல் அவற்றை இடித்தார்கள், 2002 அக்டோபரில் சதுக்கம் திறந்தது. நில அளவையாளர் ஹொடில் 1837இல் இந்த நகரத்துக்குத் தெருக்களைக் கோடு போட்டபோது ஒரு சதுக்கம்கூட வைக்கவில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஆக்கள் கூடுவதற்கு இடம் தேடிய ஊர் இது.

2008 பெப்ரவரி 13 காலை நான் அங்கே நின்றேன். குடும்பங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளான களவாடப்பட்ட தலைமுறையிடம் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டதைப் பெரிய திரையில் காட்டினார்கள். பக்கத்தில் நின்ற வயதான பெண் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, என்னை அவருக்கும் தெரியாது. வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால் அது எனக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து முற்றவெளியைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்தப் பெயரைத்தான் இங்கே வைத்திருக்கிறேன். திருவிழாக் கூட்டமும் அரசியல் கூட்டமும் பட்டம் விடுகிற பிள்ளைகளும் ஒரே நிலத்தில். 1974 தமிழாராய்ச்சி மாநாட்டில் செத்தவர்களின் நினைவுத்தூணும் அங்கேதான் நிற்கிறது. அப்படியான நிலத்தில் ஒரு துண்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மிச்சம் அப்படியே இருக்கும் என்று நம்ப என்னால் முடியாது.

தார்னீட் கணக்கர்

ஐயா, அந்தக் காலை உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் அந்தத் திரைக்கும் மின்சாரக் கட்டணம் உண்டு.

அப்புறம், பாரம்பரியம் என்ற வாதமே எனக்கு ஒப்பவில்லை. 2002இல் திறந்த கட்டடம், பதினேழு வயதில் பாரம்பரியச் சின்னம். சரி, சின்னம் என்றே வைத்துக்கொள்வோம். புதிய சுரங்க ரயில் நிலையமான டவுன் ஹால் ஸ்டேஷனின் நுழைவாயிலுக்காக அதே சதுக்கத்தின் மூலையில் சுற்றுலாத் தகவல் மையம் இருந்த கண்ணாடிக் கட்டடத்தை இடித்தார்களே, அப்போது இந்த மூவாயிரம் பேர் எங்கே போனார்கள்? இடிப்பது தப்பு என்றால் இரண்டும் தப்பு.

மஞ்சள்தகடு

இரண்டும் ஒன்றல்ல. ரயில் நிலையத்தின் வாசலில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். சதுக்கத்துக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிற வாசல் அது. கடை கேட்டது சதுக்கத்தில் இருக்கிற ஆளை.

நான் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறவள். இந்த ஊர் இந்தத் தவறை ஏற்கெனவே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஸ்வான்ஸ்டன் தெருவில், டவுன் ஹாலுக்குப் பக்கத்தில், 1980இல் எலிசபெத் ராணி வந்து சிட்டி ஸ்கொயரைத் திறந்துவைத்தார். அதற்காக ரான் ராபர்ட்ஸன்-ஸ்வான் செய்த சிற்பம் 'வால்ட்'. மஞ்சள் வண்ணம் அடித்த பெரிய இரும்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். என் புனைபெயர் அதிலிருந்து வந்ததுதான். பத்திரிகைகளும் கவுன்சிலர்களும் அதை வேண்டாம் என்று ஒரே சத்தம். 'மஞ்சள் அபாயம்' என்று பட்டப்பெயர் வேறு. ஆசியர்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட பழைய சொல் அது, எனக்கு அதைக் கேட்டாலே கசக்கும். 1981இல் கழற்றி ஆற்றோரம் பேட்மேன் பூங்காவில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே இருபது வருஷம் கிடந்தது. இப்போது சவுத்பேங்கில், ஆஸ்திரேலிய சமகாலக் கலை மையத்தின் வாசலில் நிற்கிறது. மாணவர்களை அழைத்துப்போனால் அதன் அடியில் புகுந்து ஓடுவார்கள், தட்டிப் பார்ப்பார்கள், நிழலில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார்கள். ஊர் நடுவில் எல்லோரும் சண்டை போட்டுப் பழகியிருக்க வேண்டிய சிற்பம்.

சிற்பம் போன பிறகு சதுக்கமும் தேய்ந்தது. 1990களில் கிட்டத்தட்டப் பாதியை ஹோட்டல் கட்டக் கொடுத்துவிட்டார்கள். போன பாதி போனதுதான். அன்றைக்கும் வருமானம் என்றுதான் சொன்னார்கள் சார்.

தார்னீட் கணக்கர்

டீச்சர், வரிசையை மாற்றிச் சொல்கிறீர்கள். சிட்டி ஸ்கொயர் முதலில் ஈயாடியது, அதற்கப்புறம்தான் விற்றார்கள். ஆள் வராத சதுக்கத்துக்குக் காசு போட எந்த நகரசபையும் தயங்கும். ஆளை வரவைப்பது எது என்பதுதான் என் கேள்வி. கடைக்கு வருகிறவன் வெளியே வந்து படியில் உட்கார மாட்டானா? ஆற்றுப் பக்கம் திறந்த இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் அந்தத் திட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

மஞ்சள்தகடு

ஈயாடியது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபெடரேஷன் சதுக்கம் ஈயாடவில்லையே! விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் ஆஸ்திரேலியப் பிரிவு அங்கே, திரைப்பட அருங்காட்சியகமான ஆக்மி அங்கே. இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. கீழே தரையைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? கிம்பர்லியிலிருந்து கொண்டுவந்த மணற்கல். அதில் பால் கார்ட்டர் 'நியராம்நியு' என்று ஒரு படைப்பைச் செய்திருக்கிறார், சொற்களைக் கல்லிலேயே செதுக்கி. பாதி எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், வாசிக்க நின்று நிதானிக்க வேண்டும். மேடைக்கு முன்னால் கூட்டம் நிற்கும்போது அதன்மேல்தான் நிற்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு மழை நாளில், சதுக்கம் காலியாக இருக்கும்போது போய்ப் பாருங்கள். கல் நனைந்ததும் நிறமே மாறிவிடும்.

டண்டெனோங் மருமகள்

நீங்கள் எல்லோரும் நகரத்து நடுவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், நடக்க முடியாத மாமியார். அந்தக் கல்தரை பார்க்க அழகு, சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்கு அது மேடும் பள்ளமும் சரிவும். கார் நிறுத்தும் செலவில் ஒரு நாள் சமையலே முடிந்துவிடும். புறநகரான டண்டெனோங்கில் எங்களுக்கு ஹார்மனி சதுக்கம் இருக்கிறது. 2014இல் டண்டெனோங் நகரசபைக் கட்டடத்தோடு சேர்த்துத் திறந்தது. அங்கேயும் பெரிய திரை உண்டு, நூலகம் பக்கத்திலேயே. இந்தியக் கடைகள் இருக்கிற ஃபாஸ்டர் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். சாயங்காலம் ஆப்கானியத் தாத்தாக்கள் ஒரு பக்கம், நம் ஆட்கள் ஒரு பக்கம், ஸ்கூட்டர் ஓட்டுகிற பிள்ளைகள் நடுவில். மாமியார் அங்கேதான் கம்போடியப் பாட்டி ஒருவரோடு சிநேகமானார். பேச ஒரு பொது மொழி கிடையாது, ஆரஞ்சு உரித்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

நடுவில் இருக்கிற ஒரு சதுக்கத்துக்கு 46 கோடி கொட்டுகிறவர்கள், அதில் ஒரு பங்கைப் புறநகருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஓர் இடம் வந்திருக்கும். ஆப்பிள் வந்ததா போனதா என்பது எங்களுக்கு இரண்டாவது விஷயம்.

முற்றவெளி

பிள்ளை, நீங்கள் சொல்கிற தரைக் குறை உண்மை. அதைத் திருத்தத்தான் வேண்டும். ஹார்மனி சதுக்கத்தையும் நான் அறிவேன், நல்ல இடம். ஆனால் ஊருக்கு ஒரு முன்றில் இருப்பதும், எல்லா ஊருக்குமாக ஒரு வெளி இருப்பதும் வேறு வேறு. 2022 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா டென்மார்க்கோடு ஆடியது இங்கே இரவு இரண்டு மணிக்கு. அந்த நேரத்திலும் ஆயிரக்கணக்கில் ஆக்கள் வந்து நின்றார்கள். எங்கள் பேரப்பிள்ளைகளும் போனார்கள், நாங்கள் நித்திரை கொள்ளாமல் இருந்தோம். இன்னொன்று, உங்கள் பாதை ரயில்கள் இப்போது மெட்ரோ சுரங்கம் வழியாக டவுன் ஹால் ஸ்டேஷனுக்கே வருகின்றன. அதன் ஒரு வாசல் சதுக்கத்திலேயே திறக்கிறது. லிஃப்டும் உண்டு. அம்மாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கோ, நானும் மனைவியும் வந்து நிற்கிறோம்.

தார்னீட் கணக்கர்

அதே கூட்டம்தான் 2023இல், மட்டில்டாஸ் என்கிற நம் பெண்கள் கால்பந்து அணியின் உலகக் கோப்பை அரையிறுதியின்போது தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. தீப்பந்தம் கொளுத்தினார்கள். அடுத்த ஆட்டத்தை அங்கே காட்டவே இல்லை. பாதுகாப்புக்கும் காவலாளிக்கும் கட்டுக்கட்டாகப் பணம் வேண்டும் என்பதற்கு அது இன்னொரு சாட்சி. வாடகை வேண்டாம் என்றால் வரி கூட்டச் சொல்லுங்கள், அதையாவது நேராகச் சொல்லுங்கள்.

மஞ்சள்தகடு

நேராகவே சொல்கிறேன், வரியிலிருந்து கொடுங்கள். நூலகத்துக்கும் பூங்காவுக்கும் அப்படித்தானே கொடுக்கிறோம்? பூங்கா தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சம்பாதித்தே தீர வேண்டும் என்று சொன்னதில்தான் கோளாறு தொடங்கியது. அந்த நெருக்கடியால்தான் வார இறுதிகளில் ஏதாவது ஒரு கம்பெனியின் விளம்பரக் கூடாரம் சதுக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது. 2019 ஆகஸ்டில் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பிறகு, அரசே மறுஆய்வு செய்து நிர்வாகத்தை மாற்றியது. இப்போது அது கலை வளாகத்தைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பின் கீழ் இருக்கிறது.

இடிக்க இருந்த அந்த யாரா கட்டடத்தையும் போய்ப் பாருங்கள். இன்று அதன் பெயர் பிர்ராருங் கட்டடம். ஆற்றின் பழைய பெயர் அது. உள்ளே, பூர்வகுடி மக்களின் பண்பாட்டு அமைப்பான கூரி ஹெரிடேஜ் டிரஸ்ட் இருக்கிறது. இந்த மண்ணின் மக்கள் பின்னிய கூடைகளையும் கேடயங்களையும் என் மாணவர்கள் அங்கேதான் முதல்முதலாக நேரில் பார்த்தார்கள்.

தார்னீட் கணக்கர்

கூரி டிரஸ்ட் விஷயத்தில் வாதாட மாட்டேன். கடைக்காக அவர்களை வேறு இடத்துக்கு நகர்த்தப் பார்த்தது சரியில்லை. அந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்ததே தவறு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வரி விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. மேற்குப் புறநகரான தார்னீட்டில் எங்கள் பகுதிக்குச் சரியான பேருந்தே கிடையாது. எங்கள் வரியில் முதலில் அது வரட்டும். டண்டெனோங் சகோதரி சொன்னதுதான் இந்த இழையிலேயே எனக்கு நியாயமாகப் பட்டது.

டண்டெனோங் மருமகள்

முற்றவெளி ஐயா, வருகிற சனிக்கிழமை பத்தரை மணிக்கு வரலாமா? மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கல்லில் சக்கரம் சிக்காமல் போக எந்தப் பக்கம் சரிவு குறைவு என்று முன்னமே பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.