சொந்தமா, வாடகையா? குட்டி விமானம் ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

பேர்லண்ட்காரன் (டெக்சஸ்):

பிரைவேட் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோடு ஒரு விமானம் வாங்கிவிடலாமா, இல்லை மணிக்கணக்கில் வாடகைக்கே எடுத்து ஓட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நான் வாங்கி, வைத்திருந்து, விற்றவன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது 1978-ல் செய்த செஸ்னா 172. நாலு சீட், ஒற்றை எஞ்சின், 160 குதிரைசக்தி. முந்தைய சொந்தக்காரர் வயதானவர், கடைசி சில வருடங்களில் அதை வெளியே எடுத்ததே அபூர்வம். குறைவாக ஓடின வண்டி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். பழைய கார் வாங்கும் புத்தி!

கணக்கைச் சொல்கிறேன். ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) மாதம் 420 டாலர், வருடத்துக்கு 5,040. இன்சூரன்ஸ் 1,700. வருடம் ஒருமுறை கட்டாயம் செய்யவேண்டிய ஆனுவல் இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சராசரியாக 2,500. ஜிபிஎஸ் டேட்டாபேஸ், சில்லறைச் செலவுகள் 460. ஆக 9,700 டாலர். ஒரு மணி நேரம்கூடப் பறக்காவிட்டாலும் இது போய்க்கொண்டேதான் இருக்கும். பறந்தால் மணிக்கு 8 கேலன் பெட்ரோல், எஞ்சின் ஓவர்ஹாலுக்கு (முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு) எடுத்துவைக்கும் தொகை, டயர், ஆயில் எல்லாம் சேர்த்து 86 டாலர். அதே மாடலைப் பக்கத்து ஃப்ளையிங் ஸ்கூலில் பெட்ரோலோடு 170-க்குத் தருகிறார்கள். வித்தியாசம் மணிக்கு 84. அந்த 9,700-ஐ இந்த 84-ல் ஈடுகட்ட வேண்டுமென்றால் வருடத்துக்குச் சுமார் 115 மணி நேரம் பறக்க வேண்டும்.

இரண்டாம் வருடம் நான் பறந்தது 38 மணி நேரம். பையனுக்கு சாக்கர், மனைவிக்கு ஷிஃப்ட், சனிக்கிழமை வந்தால் மேகம். மணிக்கு 341 டாலர் ஆனது. வாடகையைப் போல இரண்டு மடங்கு.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வருட ஆனுவலுக்குக் கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, டின் கட்டர் மாதிரி ஒரு கருவியால் வட்டமாக வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தைப் பிரித்து வெயிலில் காட்டினார். சரிகைப் பொடி தூவியதுபோல் மினுமினுத்தது. காந்தத்தை மேலே ஓட்டினார், ஒட்டிக்கொண்டது. அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது.

என்னுடையதில் இருந்த லைகமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு, சுருக்கமாக கேம்) மேலே இருக்கிறது. வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் ஆயில் முழுக்கக் கீழே வடிந்துவிடும். எங்கள் ஹூஸ்டன் பக்கத்து ஈரக்காற்றில் கேம் துருப்பிடிக்கும், அப்புறம் ஓட்டும்போது செதில் செதிலாக உதிரும். 172-ன் அந்தக் காலத்து மாடலில் வரும் எஞ்சினுக்கு இது பேர்போன வியாதி. பழைய சொந்தக்காரர் பாதி, நான் பாதி, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஓட்டாமலே எஞ்சினைக் கெடுத்திருக்கிறோம். ஓவர்ஹால், கழற்றி மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 34,000 டாலர், நாலரை மாதம். திரும்பி வந்ததும் 20 மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்றுவிட்டேன்.

சான் ஹோஸே வாடகைவாசி:

அண்ணா, ஃபில்டர் கதையைப் படிக்கும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. நான் ஒன்பது வருடமாக வாடகைதான். ஆனால் வாடகை நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரு வார இறுதியில் நண்பர்கள் இரண்டு பேரோடு வாடகை விமானத்தில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊருக்குப் போனேன். (நாலு சீட் என்பது பெயருக்குத்தான். டாங்க் நிறையப் பெட்ரோலும் நாலு பெரிய ஆளும் சேர்ந்து இதில் ஏற முடியாது.) ஞாயிறு காலை எழுந்தால் கடல் பக்கமிருந்து மேகம் கூரை போட்ட மாதிரி நிற்கிறது. எனக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) இல்லை. பத்து மணிக்கு விலகும் என்றார்கள், பிறகு பன்னிரண்டு என்றார்கள். இரண்டு மணிக்கு எனக்கு அடுத்து அந்த விமானத்தை புக் செய்தவர் போனிலேயே கத்தினார். அன்று கிளம்பவே முடியவில்லை. இரவு வெளியே நிறுத்தினால் பறந்தாலும் பறக்காவிட்டாலும் நாளொன்றுக்கு மூன்று மணி நேர வாடகை என்பது எங்கள் ஸ்கூல் விதி. விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு காரில் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

இன்னொரு எரிச்சல், வாடகை மீட்டர் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததுமே ஓட ஆரம்பித்துவிடும். டேக்-ஆஃபுக்கு வரிசையில் ஏழாவதாக நிற்கும்போது ஆட்டோ மீட்டரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

செலவை நண்பர்கள் தலையில் கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: அது நடக்காது. அமெரிக்க விதிப்படி பிரைவேட் பைலட் தன் பங்கைக் கண்டிப்பாகக் கொடுத்தாக வேண்டும். மூன்று பேர் போனால் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது.

இருந்தாலும் எஞ்சினில் ஏதாவது சத்தம் கேட்டால் சாவியை மேசைமேல் வைத்து, புகாரை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்தச் சுகத்துக்காகத்தான் இன்னும் வாடகை.

நால்வரில் ஒருவன் (டாலஸ்):

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறதே, யாரும் சொல்லவில்லை. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வைத்திருக்கிறோம். பேர்லண்ட் அண்ணன் கணக்கையே எடுங்கள், 9,700-ஐ நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 2,425. வருடத்துக்கு 29 மணி நேரம் பறந்தாலே வாடகைக்குச் சமம். நாலு பேர் மாற்றி மாற்றி எடுப்பதால் எஞ்சினும் தூங்காது.

ஆனால் கல்யாணத்துக்குப் பார்ப்பதைவிட அதிகமாகப் பொருத்தம் பார்க்க வேண்டும். எங்களில் ஒருவர் எப்போதும் டாங்கை அடிமட்டத்தில் விட்டுவிட்டுப் போவார். இன்னொருவர் புது ஜிபிஎஸ் போடலாம் என்பார், மூன்றாமவர் இருக்கிற ரேடியோவே போதும் என்பார். வெளியேற விரும்புபவர் பங்கை யார், எந்த விலைக்கு வாங்குவது என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நாங்கள் போடவில்லை. ஒருவர் வேலை மாறி சியாட்டில் போனபோது எட்டு மாதம் வாட்ஸ்அப் குழுவில் யாரும் குட்மார்னிங்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அரிசோனா வெயில்:

நான் வாங்கி ஃப்ளையிங் ஸ்கூலுக்கே லீஸுக்கு விட்டேன். விமானம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பயிற்சிக்கு விட்டால் ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும் ஒரு பரிசோதனை, இன்சூரன்ஸும் பல மடங்கு. ஒரு மாணவர் தவளைபோல் குதித்துக் குதித்து இறக்கியதில் மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள ஃபயர்வால் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) மடிந்துவிட்டது. எனக்கு வேண்டிய சனிக்கிழமைகளில் விமானமும் கிடைக்காது. அவ்வளவுதான், மேலே எழுத மனம் வரவில்லை.

சான் ஹோஸே வாடகைவாசி:

பேர்லண்ட் அண்ணா, இவ்வளவு சொல்கிறீர்கள். மறுபடி வாங்குவீர்களா?

பேர்லண்ட்காரன் (டெக்சஸ்):

கணக்குப்படி கூடாது. இப்போது நானும் வாடகைதான். ஆனால் சொந்தமாக இருந்தபோது ஒருநாள் மாலை ஆபீஸ் முடிந்து, யாரையும் கேட்காமல், எதையும் புக் செய்யாமல், நேராக ஏர்போர்ட் போய் கால்வெஸ்டன் கடற்கரை மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். சீட் நான் விட்ட இடத்திலேயே இருந்தது. ஹெட்செட் அதே கொக்கியில் தொங்கியது. வாடகை விமானத்தில் ஏறும்போதெல்லாம் முதல் வேலை, முந்தின ஆளின் உயரத்துக்கு இருக்கும் சீட்டை இழுத்துச் சரிசெய்வதுதான்.

ஹேங்கருக்குக் காத்திருப்புப் பட்டியலில் இருந்த முதல் எட்டு மாதம் விமானம் வெளியேதான் கட்டிக்கிடந்தது. ஆலங்கட்டி மழை எச்சரிக்கை வந்தால் ராத்திரியிலும் காரை எடுத்துக்கொண்டு ஓடுவேன். போய் என்ன செய்ய முடியும், சும்மா பக்கத்தில் நிற்பேன். போன மாதம் இரவு பதினொரு மணிக்குப் போனில் அதே எச்சரிக்கை. பழக்க தோஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "நம்மிடம்தான் எதுவும் இல்லையே, படுங்கள்" என்றாள் மனைவி. படுத்தேன். மழை நிற்கும்வரை தூக்கம் வரவில்லை.