அவுட்போர்டு மோட்டார் வேகம் கூட்டினால் நின்றுவிடுகிறது – ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பைபர் படகின் பின்புறம் வெளியே மாட்டியுள்ள இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மோட்டார், மெதுவாக ஓடும்போது சீராக இருந்தாலும், முழு வேகத்துக்குத் திருகியதும் திணறி நின்றுவிடுகிறது. பெட்ரோல் குழாயின் நடுவே உள்ள ரப்பர் பல்பைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தால் வேகம் திரும்புகிறது. ஆகவே பழுது எரிபொருள் வரத்தில்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்தே உள்ளது. பல்பும் ஓட்டத்தில் சப்பிப்போவதில்லை என்பதால், அதற்கு முன்னால், அதாவது டேங்க் பக்கம், அடைப்பு இருக்க வாய்ப்பில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் நுண்துளைகளான ஜெட்டுகளைச் சுத்தம் செய்து, பெட்ரோல் பம்பின் உள்ளே அசைந்து பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய சவ்வான டயாபிரத்தையும் மாற்றிவிட்டேன்.

இந்தப் பம்ப் கிராங்க் கேஸின் (பிஸ்டனுக்கு அடியிலுள்ள மோட்டார் அறை) அழுத்த மாற்றத்தால் இயங்குவது என்பதால், அங்குள்ள கேஸ்கட்டில் (இணைப்பில் கசியாமல் தடுக்கும் அடைப்புத் தகடு) கசிவா, அல்லது குழாய் இணைப்பில் காற்று புகுகிறதா என்பதை மோட்டாரை முழுவதும் பிரிக்காமல் கண்டறியும் முறையை, அனுபவமுள்ள அண்ணன்மார் தயவுசெய்து விளக்க வேண்டுகிறேன். நடுக்கடலில் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால், அதுவரை படகை இறக்கப்போவதில்லை.