2150 டூப்ளிகேட் ஐஆர்என்: பில் போகவே இல்லை, ஆனால் ஏற்கெனவே இருக்கிறதாம்

அம்பத்தூர் நட்டு போல்ட்:
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு, போல்ட் மொத்த வியாபாரம். போன வருஷம் டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டியதால் இந்த ஏப்ரலில் இருந்து இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்வது, இன்னும் கை பழகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டிக்குப் பில் போட்டு போர்ட்டலுக்கு அனுப்பும் நேரம் பார்த்து கரன்ட் போய்விட்டது. வந்த பிறகு பார்த்தால் சாஃப்ட்வேரில் ஐஆர்என் (பதிவானதும் போர்ட்டல் க்யூஆரோடு தரும் நம்பர்) இல்லை. சரி, போகவில்லை என்று நினைத்து, விட்டுப்போன வண்டி வாடகை 2,400 ரூபாயையும் சேர்த்து மறுபடி அனுப்பினால் பிழை 2150, டூப்ளிகேட் ஐஆர்என். பையன் பில் நம்பரில் இருந்த பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக்கிக்கூடப் பார்த்துவிட்டான், அதே பிழைதான். சரக்கு வண்டிக்கு வேண்டிய இ-வே பில்லைத் தனியாக எடுத்து, க்யூஆர் இல்லாத பில்லோடு லோடை அனுப்பிவிட்டோம். இன்று செவ்வாய். க்யூஆர் இல்லாமல் பேமென்ட் கிடையாது என்கிறார்கள். புது நம்பரில் வேறு பில் அடித்துவிடலாமா? இந்த வருஷம் 5 கோடி வராது போலிருக்கிறது, "அடுத்த வருஷம் இந்தத் தொல்லை இருக்காது" என்கிறார் மச்சான், அது சரியா?

பாரிமுனை பேப்பர் கடை:
நம்பரை மாற்றி அடியுங்கள் சார், அஞ்சு நிமிஷ வேலை. நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

தி.நகர் கணக்கர்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கரன்ட் போவதற்கு முன்பே உங்கள் பில் போர்ட்டலுக்குப் போய்ப் பதிவாகிவிட்டது, பதில்தான் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரவில்லை. ஐஆர்என் என்பது உங்கள் ஜிஎஸ்டி நம்பர், நிதியாண்டு, பில்லா கிரெடிட் நோட்டா என்கிற வகை, பில் நம்பர் இந்த நாலையும் வைத்து உருவாகிற 64 எழுத்துச் சரம். தொகை அதில் வருவதே இல்லை, அதனால் வாடகையைச் சேர்த்தாலும் எடுத்தாலும் போர்ட்டலுக்கு அது அதே பில்தான். பையனின் வித்தையும் பலிக்காது, 2025 ஜூன் 1 முதல் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அங்கே ஒன்றுதான்.

புது நம்பரில் அடித்தால் பழையதும் புதியதும் இரண்டுமே ஜிஎஸ்டிஆர்-1-இல் (விற்பனைக்கான ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தானாக ஏறி, ஒரே சரக்குக்கு இரண்டு முறை வரி நிற்கும். அப்புறம் அதைக் கழிக்க ஒரு கிரெடிட் நோட்டு, அதற்கும் ஒரு ஐஆர்என். ரத்து செய்ய 24 மணி நேரம்தான், அது ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. அப்படியே ரத்து செய்திருந்தாலும் அந்த நம்பரை மறுபடி பயன்படுத்த முடியாது.

ஜிஎஸ்டிஆர்-1 பக்கத்தில் இ-இன்வாய்ஸ் விவரங்களை எக்செலாக இறக்கும் பட்டன் இருக்கிறது. அதில் சனிக்கிழமை பில்லின் ஐஆர்என் இருக்கும், பதிவாகி இரண்டு மூன்று நாளில் ஏறிவிடும். அதை வைத்துப் பழைய தொகைக்கே க்யூஆரோடு பில்லைக் கொடுங்கள். வாடகைக்குத் தனியாக டெபிட் நோட்டு, போல்ட்டுக்கு 18 சதவீதம் என்றால் இதற்கும் அதேதான், 2,400-க்கு 432. டெபிட் நோட்டுக்கும் ஐஆர்என் எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

மச்சான் விஷயம்: 2017-18-இல் இருந்து ஏதாவது ஒரு வருஷம் 5 கோடியைத் தாண்டியிருந்தால் போதும். 2023 ஆகஸ்ட் 1 முதல் அதுதான் வரம்பு. பிறகு வியாபாரம் குறைந்தாலும் விடுதலை இல்லை. ஐஆர்என் இல்லாத பில் சட்டப்படி பில்லே கிடையாது, அதை வைத்து ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டி இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்தால் நாளைக்குச் சிக்கல். அதனால்தான் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

பாரிமுனை பேப்பர் கடை:
அப்போ நாங்கள் மாற்றி அடித்த நாலு பில்?

தி.நகர் கணக்கர்:
ஜிஎஸ்டிஆர்-1-ஐ இன்றே திறந்து பாருங்கள் சார்.

அம்பத்தூர் நட்டு போல்ட்:
கிடைத்துவிட்டது அண்ணா! சனிக்கிழமை 6:12-க்கே பதிவாகியிருக்கிறது, கரன்ட் போனது 6:13 இருக்கும். க்யூஆரோடு பில் அனுப்பியாயிற்று, பேமென்ட் போடுவதாகச் சொல்லிவிட்டார்கள். டெபிட் நோட்டுக்கும் ஐஆர்என் வந்துவிட்டது. பில்லிங் கம்ப்யூட்டருக்கு ஒரு யுபிஎஸ் சொல்லியிருக்கிறேன். ஆனால் இப்போது "பர்சேஸ் ஆர்டரில் வண்டி வாடகையே இல்லையே" என்று டெபிட் நோட்டை மட்டும் திருப்பிவிட்டார்கள், அது வேறு சண்டை, போனில் பேசிக்கொள்கிறேன்.