ஜூன்ல ஆர்வி (உள்ளயே தங்கி சமைக்குற வீட்டு வண்டி) எடுத்துட்டு அமெரிக்காவுல நவஹோ பழங்குடிங்க ஊர்ப்பக்கம் போறோம், அம்மாவும் வராங்க, பிளான் சரியா இருக்கா?

வெயில்வண்டி:
எல்லாருக்கும் வணக்கம். ஜூன் ரெண்டாவது வாரம் வேகாஸ்ல 25 அடி ஆர்வி வாடகைக்கு எடுக்குறோம். நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, ஊர்ல இருந்து வந்திருக்குற அம்மா (68 வயசு, முட்டி வலி, சுத்த சைவம்). முதல் நாள் அரிசோனால பேஜ்ங்கற ஊர்ல தங்கிட்டு மறுநாள் காலைல ஆன்டிலோப் கேன்யன், சாப்பிட்டுட்டு ஒன்றரைக்கு கிளம்பி மான்யுமென்ட் வேலி, அங்க 5 மணிக்கு ஜீப் டூர் புக் பண்ணலாம்னு இருக்கோம். அதுக்கப்புறம்தான் குழப்பம், கேன்யன் டி ஷேனு ஒன்னு இருக்காமே, அதுக்கு போறதா இல்ல நேரா கிராண்ட் கேன்யனா? நேஷனல் பார்க் வருஷ பாஸ் இருக்கு, எல்லா இடத்துக்கும் செல்லும்ல? பசங்களுக்கு வழியில எங்கயாவது ஓரமா வண்டிய நிறுத்தி நட்சத்திரம் பாத்துட்டே தூங்கணும்னு ஆசை. போனவங்க சொல்லுங்க.

ஃபீனிக்ஸ்பழசு:
முதல்ல அந்த ஜீப் டூர மாத்துங்க சிஸ்டர், கண்டிப்பா மிஸ் பண்ணுவீங்க. அரிசோனால கோடைக்கு கடிகாரத்த மாத்த மாட்டாங்க, ஆனா நவஹோ நேஷன், அதாவது நவஹோங்க தாங்களே ஆளுற நிலம், மாத்தும். அதனால ஜூன்ல மான்யுமென்ட் வேலி பேஜ விட ஒரு மணி நேரம் முன்னாடி. நீங்க ஒன்றரைக்கு கிளம்பி 125 மைல் ஆர்விய உருட்டிட்டு போய் சேரும்போது உங்க கணக்குல நாலேகால், அங்க அஞ்சேகால். நாங்க அப்படித்தான் போய் நின்னோம், மச்சான் கைல கட்டுற வாட்ச்ச மட்டும் நம்புவார், ஜீப் கிளம்பி பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, காசும் போச்சு. இதுல இன்னொரு கூத்து, ஆன்டிலோப் நவஹோ நிலம்தான் ஆனா டூர்க்காரங்க பேஜ் டைம்லதான் ஓட்டுவாங்க. நடுவுல இருக்குற ஹோப்பிங்கற இன்னொரு பழங்குடிங்களோ மாத்தவே மாட்டாங்க. ஃபோன் எந்த டவர புடிக்குதோ அந்த டைம காட்டும், நம்பாதீங்க.

பாஸ் செல்லாது. மான்யுமென்ட் வேலியும் ஆன்டிலோப்பும் நேஷனல் பார்க்கே இல்ல, நவஹோ அரசாங்கத்தோட பார்க், தலைக்கு தனி டிக்கெட். மான்யுமென்ட் வேலி உள்ள போற 17 மைல் மண் ரோட்டுல ஆர்விய விட மாட்டாங்க, ஜீப்தான் வழி. ஆன்டிலோப் குறுகலான பாறை இடுக்கு, லோயர், அப்பர்னு ரெண்டு இருக்கு, எதுலயும் வழிகாட்டி இல்லாம கால் வைக்க முடியாது. 1997 ஆகஸ்ட்ல எங்கயோ மைல்கணக்குல தள்ளி பெஞ்ச மழை லோயர் கேன்யனுக்குள்ள வெள்ளமா வந்து 11 பேர் போயிட்டாங்க, அங்க வானம் வெளுத்துதான் இருந்திருக்கும். ஜூன்ல பெரும்பாலும் மழை இல்ல, ஜூலைல இருந்துதான் பயப்படணும். அம்மாவுக்கு முட்டி வலினா லோயர் வேண்டாம், செங்குத்தா இரும்பு ஏணிப்படி. அப்பர்ல வண்டில கூட்டிட்டு போய் உள்ள சமதரைல நடக்க விடுவாங்க, திரும்பி வர்ற வழில மட்டும் ஏத்தமும் படியும் இருக்கும், காசு கூட ஆகும், பரவால்ல.

டேங்க்ஃபுல்:
ரெண்டே விஷயம். ஆர்வி ஃபிரிட்ஜ்ல பீர் இருந்தா பேஜ்லயே காலி பண்ணிட்டு போங்க, நவஹோ நேஷன்ல விக்கறது மட்டும் இல்ல, கைல வச்சிருக்கறதும் தப்பு. அப்புறம் கயென்டா, சின்லினு எங்க பங்க் பாத்தாலும் முக்கா டேங்க் இருந்தாலும் ரொப்பிடுங்க.

மணல்வீடு:
அக்கா, ஓரமா நிறுத்தி தூங்குறத பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். அது காலி நிலம் மாதிரிதான் தெரியும், ஆனா மேற்கு வர்ஜினியா மாநிலத்த விட பெரிய ஒரு நேஷன், ஒவ்வொரு மண் பாதையும் யாரோ ஒரு பாட்டி வீட்டு வாசல்லயோ ஆட்டுப்பட்டிலயோ போய்தான் முடியும். பர்மிட் இல்லாம அங்க தங்கக்கூடாது. பசங்களுக்கு நட்சத்திரம்தான வேணும், மான்யுமென்ட் வேலி கேம்ப்கிரவுண்ட்லயே கொட்டி கிடக்கும், இல்லனா வடக்க யூட்டா பக்கம் கூஸ்நெக்ஸ் ஸ்டேட் பார்க் இருக்கு, கீழ சான் வான் ஆறு பாம்பு மாதிரி வளைஞ்சு ஓடும், மேல விளிம்புலயே ஆர்வி போடலாம். தண்ணி டேங்க பேஜ்லயே ரொப்பிடுங்க. அங்க நிறைய வீட்டுக்கு இன்னும் குழாய் இல்ல, பிக்கப் டிரக்ல டேங்க் வச்சு வரிசைல நின்னு புடிச்சிட்டு போறாங்க, பாத்தா நம்ம ஊர் லாரித்தண்ணி ஞாபகம்தான் வந்துச்சு. காத்தாடி சுத்துற கால்நடை கிணத்துல மறந்தும் புடிக்காதீங்க, கைவிட்ட யுரேனியம் சுரங்கம் 500க்கு மேல இருக்குற நாடு அது.

கேன்யன் டி ஷேக்கு போங்க. கிராண்ட் கேன்யன் எங்கயும் போயிடாது, இன்னொரு தடவ பாத்துக்கலாம். ஷே 1931ல நேஷனல் மான்யுமென்ட் ஆச்சு, ஆனா நிலம் இன்னிக்கும் நவஹோங்களோடது, உள்ள குடும்பங்க சோளமும் பீச் பழமும் போட்டு வாழ்றாங்க. மேல விளிம்புல தார் ரோடு, ஆர்வி தாராளமா போகும், தெக்கு ரோட்டோட கடைசில ஸ்பைடர் ராக், கிட்டத்தட்ட 800 அடி, ஒத்தையா நிக்கும். அதோட உச்சிலதான் சிலந்திப்பாட்டி இருக்கா, அவதான் எங்களுக்கு நெசவு சொல்லிக்குடுத்தானு நவஹோங்க சொல்வாங்க. ஆனா மேல நின்னு பாத்துட்டு வந்துடாதீங்க, காசு குடுத்து நவஹோ வழிகாட்டியோட டிரக்ல கீழ போங்க, அம்மாவும் உக்காந்தே வரலாம்.

எங்கள கூட்டிட்டு போனவர் வண்டிய ஆத்து மணல்ல நிறுத்திட்டு ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் ஒரு பாறைய காட்டினார், கைய நீட்டி இல்ல, உதட்ட குவிச்சு, அங்க பெரியவங்க அப்படித்தான் காட்டுவாங்க. 1864 ஜனவரில அமெரிக்க ராணுவ அதிகாரி கிட் கார்சனோட படை இந்த பள்ளத்தாக்குல நுழைஞ்சப்ப ஜனங்க அந்த பாறை மேல ஏறி ஒளிஞ்சாங்களாம், ராத்திரி சிப்பாய்ங்க தூங்கறப்ப கயிறு விட்டு தண்ணி மொண்டாங்களாம். அப்புறம் படை திரும்ப வந்து ஆயிரக்கணக்குல பீச் மரங்கள வெட்டி போட்டுச்சு. பட்டினில சரணடைஞ்சவங்கள 300 மைலுக்கு மேல நடக்க வச்சு நியூ மெக்சிகோல போஸ்கே ரெடோன்டோங்கற முகாம்ல அடைச்சாங்க. 1868 ஜூன் 1 ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் வீடு திரும்பினாங்க. என் பையன் இப்ப இருக்குற பீச் மரம் யார் வச்சதுனு கேட்டான், எங்க பாட்டினு ஒரே வார்த்தைல சொல்லிட்டு வண்டிய எடுத்தார்.

வெயில்வண்டி:
ஐயோ அந்த டைம் விஷயம் சொன்னதுக்கு கோடி நன்றி அண்ணா, ஜீப்ப மறுநாள் காலைக்கு மாத்தியாச்சு. கேன்யன் டி ஷேவும் சேத்துட்டோம் மணல்வீடு. அம்மாவுக்கு சாப்பாடு? அப்புறம் ஃபோட்டோ எடுக்கலாமா?

மணல்வீடு:
இடத்த எடுங்க, ஆள கேக்காம எடுக்காதீங்க, வீட்டையும்தான். எட்டு மூலை மரவீடு பாத்தா அது ஹோகன், வாசல் எப்பவும் கிழக்க பாத்துதான், அம்மாவுக்கு அது புடிக்கும். கேன்யன்ல இருக்குற பழைய கல்வீடுங்க நவஹோ கட்டினது இல்ல, அவங்களுக்கு முன்னாடி இருந்த புவெப்லோ ஜனங்களோடது. செத்தவங்க இடம்னு நவஹோக்காரங்களே நிறைய பேர் கிட்ட போக மாட்டாங்க, பசங்க ஓட்டாஞ்சில்லு எதையும் பொறுக்காம பாத்துக்கங்க.

கரண்டிக்காரி:
சாப்பாட்டுல ஆட்டுக்கறிதான் ராஜா, மட்டன் ஸ்டூ. அம்மாவுக்கு நீலச்சோளக் கூழ் கேளுங்க, நம்ம கூழ்தான், நிறம்தான் வேற. ஃபிரைபிரெட் பாக்க பூரி மாதிரி உப்பிட்டு வரும், ஆனா பன்னிக்கொழுப்புல பொரிக்கறவங்க இருக்காங்க, கேட்டுட்டு குடுங்க. அது அவங்க பழைய பலகாரமும் இல்ல, அடைச்சு வச்சிருந்தப்ப குடுத்த ரேஷன் மாவுலயும் கொழுப்புலயும் பொறந்தது. அதனால சிலர் பெருமையா சாப்பிடுவாங்க, சிலருக்கு புடிக்காது, ரெண்டு பேர்கிட்டயும் பேசிருக்கேன். ஆர்வில குக்கரும் ஊறுகாயும் இருந்தா கவலையே இல்ல.

நவஹோங்க நெய்யற ரக் (கம்பளி விரிப்பு) வாங்கணும்னா கேன்யன் டி ஷே பக்கத்து ஊர் சின்லில இருந்து கனாடோல ஹபெல் டிரேடிங் போஸ்ட் போங்க, 1878ல இருந்து நடக்குற கடை. சில ரக்ல ஓரத்துல ஒரு ஒத்த நூல் பார்டர தாண்டி வெளிய போகும், பிழைனு நினைச்சு விலைய குறைக்க சொல்லாதீங்க (நான் கேட்டேன், மானம் போச்சு). நெய்யறவ மனசு உள்ளயே மாட்டிக்காம வெளிய வர்றதுக்கு வேணும்னே விடுற வழி அது.

வெயில்வண்டி:
வீட்டுக்காரர் இப்ப மோக்கி டக்வேனு ஏதோ வீடியோ பாத்துட்டு அதுல ஏறலாம்ங்கறார் 🤦

ஃபீனிக்ஸ்பழசு:
3 மைல் ஜல்லி ரோடு, கொண்டை ஊசி வளைவு, 1,100 அடி ஏத்தம், ஓரத்துல தடுப்பு கிடையாது. 28 அடிக்கு மேல வேண்டாம்னு போர்டே இருக்கு, நம்ம வண்டி 25தானேனு சொல்வார். வாடகை பேப்பர்ல மண் ரோட்டுல ஓட்டக்கூடாதுனு ஒரு வரி இருக்கும், அத காட்டுங்க. அதுக்கும் மசியலனா அம்மாவ முன் சீட்ல உக்கார வச்சுடுங்க.