காண்டர் கப்பலில் எங்கள் எள்ளுத்தாத்தா போனாரா?

கணியம்பாடிக்காரன் கேட்டது:

எங்கள் வீட்டை ஊரில் 'காண்டர் வீடு' என்றுதான் சொல்வார்கள். எள்ளுத்தாத்தா காண்டர் என்ற சண்டைக் கப்பலில் எகிப்துக்குப் போய் பீரங்கி சுட்டார் என்பது ஆயா சொன்ன கதை. கையில் இருப்பது ஒரு வெள்ளிப் பதக்கம் மட்டும். ஒரு பக்கம் ராணி தலை, மறுபக்கம் ஸ்பிங்ஸ், மேலே எகிப்து, கீழே 1882. பொங்கலுக்குப் பொங்கல் ஆயா திருநீறு போட்டுத் தேய்த்ததில் விளிம்பு எழுத்தெல்லாம் மழுங்கிவிட்டது. 'சாப்' என்பது வரைக்கும் தெரிகிறது. பதக்கத்துக்கு மேலே ஒரு பட்டை, அதில் டெல்-எல்-கெபீர். அப்படி ஒரு கப்பல் இருந்ததா? எங்கள் ஆள் அதில் போயிருப்பாரா? பையன் பள்ளிக்கூடத்தில் இதைப் பேசப் போகிறானாம், பொய் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது.

பழைய சாப்பர்:

தம்பி, 'சாப்' என்றால் சாப்பர். நான் இருந்த அதே மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் படை. 1882இல் நம் ஆட்கள் இரண்டு கம்பெனி எகிப்து போனார்கள். டெல்-எல்-கெபீர் சண்டை செப்டம்பர் 13. பாதை போடுவது, பாலம் கட்டுவது, குழி வெட்டுவதுதான் சாப்பர் வேலை. துப்பாக்கியும் உண்டு, ஆனால் மண்வெட்டிதான் அதிகம் தேயும். உன் தாத்தா கப்பல் ஏறியது நிஜம், ஆள் கொண்டுபோகும் கப்பலில். இன்னொன்று: அந்தப் பதக்கத்தோடு கெதிவ், அதாவது எகிப்தை ஆண்டவர், கொடுத்த வெண்கல நட்சத்திரமும் வரும். வீட்டில் தேடிப் பார்.

அரக்கோணம் என்ஜின் ரூம்:

காண்டர் நிஜமாகவே இருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்தான். நான் நேவியில் என்ஜின் ரூமில் கிடந்தவன், அதனால் இந்த மாதிரிப் பழைய நீராவிக் கப்பல் என்றால் கொஞ்சம் பைத்தியம். இது கன்வெசல் ரகம். கன்போட் என்ற சின்னப் பீரங்கிக் கப்பலுக்கு ஒரு படி மேல், லெப்டினென்டுக்குப் பதில் கமாண்டர் தலைமை. சுமார் 780 டன், 157 அடி. நம் ஜங்ஷனில் நிற்கும் ரயிலில் இரண்டு பெட்டியும் இன்னும் கொஞ்சமும், அவ்வளவுதான் நீளம். அதற்குள் சுமார் 100 பேர்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1876 டிசம்பரில் தண்ணீரில் இறக்கினார்கள். நம் பக்கம் அப்போது தாது வருஷப் பஞ்சம்.

எலும்புக்கூடு இரும்பு, மேலே பலகை மரம், தண்ணீருக்குள் இருக்கும் பலகைக்கு வெளிப்புறம் செப்புத் தகடு. ஏன் இந்தக் கலப்படம்? தூர தேசத்துக் கடலில் வருஷக்கணக்கில் சுற்றும் கப்பல், நினைத்தபோது பழுது பார்க்கும் டாக்கில் ஏற்ற முடியாது. அடியில் பாசியும் சிப்பியும் அப்பினால் வேகம் போச்சு. செம்பு அடித்தால் அப்பாது. ஆனால் செம்பை நேரே இரும்பில் அடித்தால் உப்புத்தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும். நடுவில் மரம் வைத்தது அதற்குத்தான். எவன் யோசித்தானோ, கெட்டிக்காரன். கரியை மிச்சம் பிடிக்கப் பாய்மரமும் உண்டு.

பீரங்கி மூன்றே மூன்று: 7 அங்குலத்தில் ஒன்று, 64 பவுண்டு குண்டு போடும் 64 பவுண்டர் இரண்டு. அதை வைத்துக்கொண்டுதான் பேர் வாங்கியது. மத்தியதரைக்கடல் படையில் இருந்தபோது, 1882 ஜூலை 11, எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகம். எட்டு இரும்புக் கவசக் கப்பல்கள் காலை 7 மணிக்கு அங்கிருந்த கோட்டைகளைச் சுட ஆரம்பித்தன. அதில் டெமெரேர் தரை தட்டி நின்றுவிட, காண்டர் போய் உதவியது. அப்புறம் காண்டரின் கமாண்டர் சார்லஸ் பெரஸ்போர்டு பார்க்கிறார், மராபூட் கோட்டை பெரிய கப்பல்களைப் போட்டு அடிக்கிறது. நேரே கோட்டைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார். அவ்வளவு கிட்டே வந்த கப்பலைச் சுடக் கோட்டை பீரங்கியின் வாயைக் கீழே இறக்க முடியவில்லை. பின்னால் மற்ற சின்னக் கப்பல்களும் வந்து சேர்ந்துகொண்டன. கொடிக் கப்பலிலிருந்து அட்மிரல் 'சபாஷ் காண்டர்' என்று சிக்னல் கொடுத்தார். அந்த வார்த்தை உலகமெல்லாம் பரவியது.

1889இல் விற்றுவிட்டார்கள். 1901இல் கனடா பக்கம் ஆட்களோடு மூழ்கிய காண்டர் வேறு, அடுத்து வந்த கப்பல். பையன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தாத்தா அதில் இருந்திருந்தால் பட்டையில் அலெக்சாந்திரியா, ஜூலை 11 என்று இருக்கும். இந்தியப் படை எகிப்தில் போய் இறங்கியதே அதற்கப்புறம்தான். அங்கே எல்லார் வாயிலும் காண்டர் பேச்சாக இருந்திருக்கும், அவர் கதையாக ஊருக்குக் கொண்டுவந்திருப்பார் என்பது என் கணக்கு.

கணியம்பாடிக்காரன்:

ஐயா, நட்சத்திரம் கிடைத்துவிட்டது! ஆயாவின் டிரங்குப் பெட்டியில், பழைய பத்திரங்களுக்கு அடியில். நடுவில் ஸ்பிங்ஸ், சுற்றி ஐந்து முனை. சின்ன வயதில் இதை வைத்து நான் திண்ணையில் கோடு கிழித்திருக்கிறேன், ஒரு முனை மழுங்கியே போயிருக்கிறது. பையன் இப்போது கேட்கிறான்: வீட்டுப் பெயரைச் சாப்பர் வீடு என்று மாற்றிவிடலாமா?

பழைய சாப்பர்:

வேண்டாம் தம்பி. தபால்காரர் வீடு தெரியாமல் சுற்றுவார்.